சங்கிலி ஞாபகம் வந்தப்ப ஜெபத்துக்கு இடைஞ்சல்னு நினைச்சேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் களக்காடு பக்கத்துல ஒரு கிராமத்துல இருக்கேன், 31 வருஷம் தொடக்கப்பள்ளி டீச்சரா இருந்து ரிட்டயர் ஆனவ. உங்க பேப்பர் எங்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு, இதுவரைக்கும் ஒரு லெட்டர் கூட போட்டதில்ல. போன ஞாயித்துக்கிழமை லெந்து காலத்தை, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாள் தவக்காலத்தை ஒட்டி ஜெப வாழ்க்கையைப் பத்தி ஒரு பக்கம் முழுசா போட்டிருந்தீங்க, காலையில எத்தனை மணிக்கு எழும்பணும், துதிக்கு எவ்வளவு நேரம், விண்ணப்பத்துக்கு எவ்வளவு நேரம், உபவாசம் எப்படி இருக்கணும்னு வரிசையா எழுதியிருந்தாங்க. நல்லா இருந்துச்சு, வெட்டி பைபிளுக்குள்ள வச்சிருக்கேன். ஆனா ஒண்ணு அதுல இல்ல, ஜெபத்துல ஆண்டவர் சொல்றதைக் கேட்டு அதுக்குக் கீழ்ப்படியறது. அது இல்லாததால நான் பதிமூணு வருஷம் கஷ்டப்பட்டேன், அதனாலதான் எழுதறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க, இடம் இல்லேன்னா சுருக்கிப் போடுங்க.

நான் காலையில நாலு மணிக்கு எழும்பி ஜெபிக்கிற பழக்கம் உள்ளவ. எங்கம்மா கிட்ட இருந்து வந்த பழக்கம் அது. பாய் விரிச்சு, பாமாலை ஒண்ணு மெதுவா பாடி, ஒரு சங்கீதம் வாசிச்சு, அப்புறம் ஜெபக்குறிப்பு நோட்டை எடுப்பேன். கோடு போட்ட நாப்பது பக்க நோட்டு, பள்ளிக்கூடத்துல மிஞ்சினது. அதுல பேர் பேரா எழுதி வச்சிருப்பேன், மக, மருமகன், பக்கத்து வீட்டு பையனுக்கு வேலை, எங்க சபைப் போதகர் (நாங்க ஐயர்னு சொல்லுவோம்), ஐயரம்மா, வடநாட்டுல இருக்கிற மிஷனரிங்க, பதில் வந்ததுக்கு சிவப்பு பேனாவால ஒரு டிக். வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாசத்துல ஒரு முழு இரவு ஜெபம், எதையும் விட மாட்டேன். சபையில என்னை ஜெப வீராங்கனைன்னு சொல்லுவாங்க. யாருக்காவது உடம்பு சரியில்லேன்னா டீச்சர் கிட்ட ஜெபிக்கச் சொல்லுங்கன்னு ஆள் அனுப்புவாங்க.

ஆனா அந்த நாலு மணி ஜெபத்துல நான் கண்ணை மூடி அஞ்சு நிமிஷம் ஆகறதுக்குள்ள ஒரு சங்கிலி வந்து நிக்கும்.

எங்கம்மாவோட ரெட்டை வடச் சங்கிலி. மூணு பவுன். கொக்கி உடைஞ்சு அதுல ஒரு சிவப்பு நூலைச் சுத்தி முடிச்சு போட்டிருப்பாங்க அம்மா, ஆசாரிகிட்ட குடுத்து பத்த வைக்கணும் பத்த வைக்கணும்னு சொல்லிட்டே இருந்து கடைசி வரைக்கும் வைக்கல. 2009ல அம்மா ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ அதைக் கழட்டி என் கையில குடுத்து "இது சின்னவளுக்கு, நீ பத்திரமா குடுத்துரு"ன்னு சொன்னாங்க. சின்னவன்னா என் தங்கச்சி. அவ மாப்பிள்ளை லாரிக்கு லோடு ஏத்துற வேலை, கஷ்டம்தான். அடுத்த நாள் அம்மா போயிட்டாங்க. நான் அடக்கம் முடிஞ்சு வந்து அதை ஒரு குட்டிகுரா பவுடர் டப்பாவுக்குள்ள போட்டு பீரோவுல வச்சேன். குடுத்துரலாம்னுதான் வச்சேன். அப்புறம் ஆஸ்பத்திரி பில்லுக்கு நான்தான் லோன் போட்டு கட்டினேன்ங்கிற நினைப்பு வந்துச்சு, அவ ஒத்த ரூபா குடுக்கலையேன்னு வந்துச்சு, பதினாறாம் நாள்ல அவ ஒரு வார்த்தை கேட்டா, "எக்கா, அம்மா சங்கிலி எங்க இருக்கு?" நான் சொன்ன பதிலை இப்ப எழுதவே கை கூசுது. "ஆஸ்பத்திரி செலவுக்கு வித்தாச்சு"ன்னு சொன்னேன். அவ வேற ஒண்ணும் கேக்கல. அதோட பேச்சுவார்த்தை குறைஞ்சு, அப்புறம் கல்யாண வீட்டுல பாத்தா தலையாட்டுறதோட நின்னு போச்சு.

இப்ப ஜெபத்துக்கு வர்றேன். அந்தச் சங்கிலி ஜெபத்துல வரும்போதெல்லாம் நான் என்ன செஞ்சேன்னா, அதை அதட்டுவேன். நாங்க கூட்டங்கள்ல கத்துக்கிட்டது அப்படித்தான், ஜெபிக்கும்போது வேற நினைவு வந்தா அது சத்துரு கவனத்தைச் சிதறடிக்கிறது, இயேசுவின் நாமத்துல அதட்டிட்டு திரும்ப ஜெபிக்கணும்னு சொல்லித் தந்திருக்காங்க. அதட்டுவேன். போகும். மறுபடி வரும். நூல் முடிச்சு வரைக்கும் அப்படியே கண்ணுக்குள்ள தெரியும். அதுக்கு ஜாஸ்தி சத்தமா ஜெபிச்சா போயிரும்னு சத்தமா ஜெபிப்பேன், நேரம் கூட்டினா போயிரும்னு நாலு மணியை மூணரை ஆக்கினேன், நாப்பது நாள் உபவாசம் கூட ஒரு வருஷம் ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு இருந்தேன். எல்லாரும் என் ஜெபம் ஆழமாகுதுன்னு நினைச்சாங்க. எனக்கு மட்டும் தெரியும் அது வானத்துக்கும் போகல பூமியிலயும் நிக்கல, வாய் மட்டும் அசையுது, உள்ள காஞ்ச கிணறு மாதிரி கிடக்கு.

2022 லெந்து காலத்துல ஓய்வுநாள் பள்ளி பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்க மத்தேயு 5ம் அதிகாரத்தை எடுத்து வச்சு தயார் பண்ணிட்டு இருந்தேன். மலைப்பிரசங்கம். நூறு தடவை நடத்தியிருப்பேன். "நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்"னு 23ம் வசனம். பிள்ளைங்களுக்கு கஷ்டமான வார்த்தைக்கு அடியில கோடு போட்டுட்டே வருவேன், அப்படி வரும்போது "அங்கே"ங்கிற வார்த்தையில பென்சில் நின்னு போச்சு.

அங்கே. எங்கே? பலிபீடத்துக்கு முன்னால. வீட்டுல இருக்கும்போது இல்ல, சந்தையில இல்ல, சண்டை போடும்போது இல்ல. காணிக்கையோட சந்நிதியில வந்து நிக்கிறப்போதான் அந்த நினைவு வரும்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. அப்படின்னா பதிமூணு வருஷமா எனக்கு ஜெபத்துல வந்தது இடைஞ்சல் இல்லையே. அதுதான் பதில். நான் ஒவ்வொரு நாளும் பேசும் ஆண்டவரே பேசும் ஆண்டவரேன்னு கேட்டேன், அவர் ஒவ்வொரு நாளும் பேசினார், நான் ஒவ்வொரு நாளும் அவர் பேசினதை சாத்தான்னு சொல்லி அதட்டினேன். அதை உணர்ந்தப்போ எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிப்போச்சு.

இன்னொண்ணும் கவனிச்சேன், வசனத்துல உனக்கு உன் சகோதரன் பேர்ல குறை இருந்தான்னு இல்ல, "உன்பேரில் உன் சகோதரனுக்கு" குறை இருந்தான்னு இருக்கு. நமக்கு யார் மேலயாவது வருத்தம் இருந்தா மன்னிச்சிட்டேன்னு ஜெபத்துல சொல்லி முடிச்சிரலாம், வீட்டை விட்டு வெளிய கூட போக வேண்டாம். நம்ம மேல அடுத்தவங்களுக்கு வருத்தம் இருந்தா செருப்பைப் போட்டுட்டு கிளம்பித்தான் ஆகணும், வேற வழி இல்ல. "அங்கேதானே பலிபீடத்தின் முன் உன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய்"னு அடுத்த வசனம். பாதி ஆராதனையில எழும்பிப் போன்னு சொல்றாரு. கோவிலுக்கு வராதேன்னு சொல்லல, காணிக்கையைத் திரும்ப எடுத்துட்டுப் போன்னும் சொல்லல, அது அங்கேயே இருக்கட்டும், நீ போயிட்டு வான்னு சொல்றாரு. எவ்வளவு நம்பிக்கை பாருங்க நம்ம மேல, திரும்பி வருவோம்னு.

நான் பெரிய படிப்பு படிச்சவ இல்ல, ஆனா பிள்ளைங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தவ. நம்ம தமிழ்ல "கேள்"னு ஒரு வார்த்தை இருக்கு. ஒருத்தர்கிட்ட ஒண்ணு வேணும்னு கேக்கறதும் கேள்தான், காதால கேக்கறதும் கேள்தான், "எத்தனை தடவை சொல்றேன், இந்தப் பையன் கேக்கவே மாட்டேங்கிறான்"னு சொல்றோமே அந்தக் கீழ்ப்படியறதும் கேள்தான். மூணுக்கும் ஒரே வார்த்தை. நம்ம வீட்டு காலண்டர்லயும் சர்ச் சுவத்துலயும் "கேளுங்கள் அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்"னு எழுதியிருக்கோம், மத்தேயு 7:7. "இஸ்ரவேலே, கேள்"னு உபாகமம் 6:4 இருக்கு, அதை எந்தக் காலண்டர்லயும் நான் பாத்ததில்ல. எபிரெய பாஷையிலயும் அந்த இடத்துல வர்ற ஷெமாங்கிற வார்த்தைக்கு காதால கேக்கறதும் சொன்னபடி நடக்கறதும் ரெண்டும் சேர்ந்ததுதான் அர்த்தம்னு எங்க ஐயர் ஒரு வேதபாடத்துல சொன்னாங்க. நாங்க ஜெபம்னு சொல்லி மூணுல ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டோம், கேட்டு வாங்கறது. மத்த ரெண்டையும் விட்டுட்டோம். ஒரு பிள்ளை தினம் வந்து மிட்டாய்க்கு காசு கேக்குது, நாம சொல்ற ஒண்ணையும் கேக்கல, அந்தப் பிள்ளைக்கு நம்ம கூட என்ன உறவு இருக்கும்? காசு குடுத்தா கூட அது உறவு ஆகுமா?

சாமுவேல் கதையும் அப்படித்தான். ஓய்வுநாள் பள்ளியில எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், ராத்திரி கர்த்தர் கூப்பிடுறாரு, பையன் கோவில் ஆசாரியர் ஏலிகிட்ட ஓடுறான், கடைசியில "சொல்லும், அடியேன் கேட்கிறேன்"னு சொல்றான். நாங்க அதோட மணி அடிச்சு பிள்ளைங்களை அனுப்பிருவோம், நடிச்சுக் காட்டுறதும் அதோட நிக்கும், ஒரு சின்னப் பையன் கை கூப்பி முழங்கால்ல நிப்பான் எல்லாரும் கை தட்டுவாங்க. ஆனா அவன் கேட்டது என்ன? ஏலியோட வீட்டுக்கு நியாயத்தீர்ப்பு. தன்னை வளத்த பெரியவர்கிட்ட போய் அதைச் சொல்லணும். விடியற வரைக்கும் படுத்திருந்து கதவுகளைத் திறந்தான், ஏலிக்கு அதை அறிவிக்கப் பயந்தான்னு எழுதியிருக்கு. அந்தக் கதவைத் திறக்கிற நேரத்தை நினைச்சுப் பாருங்க, கை எப்படி நடுங்கியிருக்கும். ராத்திரி அடியேன் கேட்கிறேன்னு சொன்னவன் காலையில ஏலி கூப்பிட்டுக் கேட்டப்போ ஒண்ணையும் மறைக்காம சொன்னான். அப்பதான் அந்தக் கேட்டல் முடிஞ்சது. பெரியவனான பிறகு சவுல் ராஜாகிட்ட பலியைப் பாக்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்னு அவர் சொன்னதுக்கு வேர் இந்த ராத்திரியிலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

வசனம் புரிஞ்ச அன்னைக்கே நான் போகல. உண்மையைச் சொல்றேன், பன்னெண்டு நாள் ஆச்சு. ஒரு நாள் கால் வலின்னு சொன்னேன், ஒரு நாள் வெயில்னு சொன்னேன். தபால்ல அனுப்பிரலாமான்னு கூட யோசிச்சேன். அப்புறம் ஒரு வியாழக்கிழமை பவுடர் டப்பாவை எடுத்து, டப்பாவோட துணிப்பைக்குள்ள வச்சு, ஏர்வாடி வழியா வள்ளியூர் போய், அங்க இருந்து திசையன்விளை பஸ் ஏறினேன். பஸ்ல எனக்கு ஜெபம் வரல. வழக்கமா பஸ்ல உதடு அசையாம ஜெபிச்சுட்டே போவேன். அன்னைக்கு பைய மடியில வச்சு ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு இருந்தேன், அவ்வளவுதான். இப்ப நினைச்சா அதைவிட ஒரு ஜெபம் நான் பண்ணினது இல்ல.

தங்கச்சி வாசல்ல உக்காந்து முருங்கைக்கீரை உருவிட்டு இருந்தா. என்னைப் பாத்ததும் எழும்பல. "வா"ன்னு மட்டும் சொன்னா. நானும் திண்ணையில உக்காந்தேன். ஒண்ணும் பேச வரல. டப்பாவைத் திறந்து சங்கிலியை எடுத்து கீரை இருந்த சொளகுல வச்சேன். "நான் விக்கல. பொய் சொன்னேன். அம்மா உனக்குத்தான் குடுக்கச் சொன்னாங்க"ன்னு மூணு வார்த்தை சொன்னேன், அதுக்கு மேல தொண்டை அடைச்சிருச்சு. அவ சங்கிலியை எடுக்கல, அந்த நூல் முடிச்சை மட்டும் விரலால தொட்டா. அப்புறம் சொன்னா, "எனக்குத் தெரியும்க்கா. அம்மா சாகுறதுக்கு முந்தின நாள் போன்ல என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனா, அக்கா கையில குடுத்திருக்கேன், வாங்கிக்கோன்னு."

பதிமூணு வருஷமும் அவளுக்குத் தெரியும்.

உள்ள போய் கருப்பட்டி காபி போட்டுக் கொண்டாந்தா. குடிக்கும்போது தரையைப் பாத்துட்டே இன்னொண்ணு சொன்னா, அதுதான் என்னைக் கொன்னு போட்டுச்சு. நற்கருணை (ஆராதனையில குடுக்கிற அப்பமும் திராட்சரசமும்) எடுக்கறதை நிறுத்தி எட்டு வருஷம் ஆச்சுன்னா. ஏன்னு கேட்டேன். அயலானோட அன்பா சமாதானமா இருக்கிறவங்க பந்திக்கு வாங்கன்னு ஐயர் வாசிக்கும்போது உன் முகம் வரும்க்கா, எழும்பிப் போக கால் வராது, பெஞ்சுலயே உக்காந்துருவேன்னா. சொந்த அக்கா பொய் சொன்னான்னு வெளிய சொல்லவும் மனசில்ல, உள்ள வச்சுட்டு பந்திக்குப் போகவும் பயம்.

நான் இங்க உபவாசம் இருந்து ஜெப வீராங்கனைன்னு பேர் வாங்கிட்டு இருந்த அத்தனை வருஷமும் அங்க ஒருத்தி என்னால கர்த்தருடைய பந்தியை விட்டு விலகி உக்காந்திருக்கா. கீழ்ப்படியாமை என்னோட ஜெபத்தை மட்டும் கெடுத்துச்சுன்னு நினைச்சுதான் போனேன். அவளோடதையும் சேத்து கெடுத்திருக்கு.

இதுக்கு அப்புறம் என் ஜெபம் எப்படி ஆச்சுன்னு சொல்லணும். மகளுக்கு கல்யாணம் ஆகி ஒம்போது வருஷம் ஆச்சு, குழந்தைக்காக ஜெபிக்கிறோம், இன்னும் இல்ல. சங்கிலியைக் குடுத்த உடனே அற்புதம் நடந்துச்சுன்னு சாட்சி சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல, அப்படி ஒரு கணக்கு போட்டுப் போகவும் இல்ல. மாறினது என்னன்னா பேசறது குறைஞ்சுருச்சு. பாமாலை பாடி, சங்கீதம் வாசிச்சு, கொஞ்ச நேரம் சும்மா இருக்கேன். முன்னால சும்மா இருக்கறது பயமா இருக்கும், சும்மா இருந்தா சங்கிலி வந்துரும்னு. இப்ப எது வந்தாலும் வரட்டும்னு இருக்க முடியுது. நோட்டுல ஒரு பக்கத்தை ரெண்டா கோடு போட்டு இடது பக்கம் நான் கேக்கறது, வலது பக்கம் அவர் என்னைச் செய்யச் சொன்னதுன்னு எழுதறேன். வலது பக்கத்துக்கும் சிவப்பு டிக் உண்டு. அது இடது பக்கத்தைவிட மெதுவாத்தான் நிறையுது.

எங்க ஊர் பக்கத்து விஷயம் ஒண்ணும் சொல்லணும். டோனாவூர் எங்களுக்கு கிட்டதான். ஆமி கார்மைக்கேல் அம்மா அயர்லாந்து மிஷனரி, 1895ல இந்தியா வந்தவங்க, 1901ல இருந்து டோனாவூர்ல பிள்ளைங்களை வளத்தாங்க, யார்கிட்டயும் பணம் கேக்கறதில்ல ஆண்டவர்கிட்ட மட்டும் கேக்கறதுன்னு வச்சிருந்தாங்க, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 1931 அக்டோபர் 24, எங்க களக்காட்டுல ஒரு வீட்டை மருந்து குடுக்கிற இடமா ஆக்கறதுக்காகப் பாக்க வந்தப்போ இருட்டுல அங்க வெட்டியிருந்த குழியில விழுந்து கால் முறிஞ்சுது. அன்னைக்கு காலையில அவங்க, என்னை உமக்கு இஷ்டமானபடி செய்யும், உமக்கு இன்னும் நல்லா ஊழியம் செய்ய எது உதவுமோ அதைச் செய்யும்னு ஜெபிச்சதா சொல்லுவாங்க. அதுக்கு அப்புறம் கிட்டத்தட்ட இருபது வருஷம், 1951 ஜனவரி 18ல இறக்கிற வரைக்கும் பெரும்பாலும் ஒரே ரூம்லதான். ஓடி ஓடி பிள்ளைங்களைத் தூக்கிட்டு வந்தவங்களுக்கு படுக்கை. அந்த ஜெபத்துக்கு இது பதில்னு எடுத்துக்கிட்டு படுத்த இடத்துல இருந்தே எழுதினாங்க, பிள்ளைங்களைக் கூப்பிட்டுப் பேசினாங்க. கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க, பிள்ளைங்க பறவைங்க தண்ணி குடிக்கிற தொட்டி ஒண்ணு வச்சு அதுல அம்மான்னு மட்டும் எழுதி வச்சிருக்காங்க. நான் அங்க போய் நின்னிருக்கேன். மத்த கல்லறையில வசனம் இருக்கும், பட்டம் இருக்கும், இங்க தண்ணி இருக்கு. சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல ஆண்டவர் "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது"ன்னு சொன்னதை நாங்க ஜெபத்து முடிவுல வேகமா சொல்லிட்டுப் போயிருவோம். அதைச் சொன்னா என்ன ஆகும்னு அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு.

வேதநாயகம் அசரியா ஐயாவையும் நினைச்சுக்கறேன், நம்ம வெள்ளாளன்விளையில 1874ல பிறந்தவர். 1903ல பாளையங்கோட்டையில இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சாங்க, நம்ம ஜனங்களே காசு போட்டு நம்ம ஆளையே அனுப்பறதுன்னு. அடுத்தவனை அனுப்பிட்டு அவர் வீட்டுல இருக்கல, 1909ல அவரே தோர்ணக்கல் போனாரு, தெரியாத தெலுங்கு படிச்சு அந்த ஜனங்களோட இருந்தாரு. 1912ல பிஷப் ஆனாரு, ஆங்கிலிக்கன் சபையில முதல் இந்தியப் பிஷப். அந்த ஊழியத்துக்கு பெரிய பணக்காரங்க மட்டும் குடுக்கல. எங்க வீட்டுப் பொம்பளைங்க குடுத்தாங்க. உலை வைக்கும்போது அரிசியை அளந்துட்டு அதுல இருந்து ஒரு கைப்பிடி எடுத்து தனிப்பானையில போடுவாங்க, கைப்பிடி அரிசின்னு சொல்லுவோம், சேந்ததைக் கோவில்ல கொண்டு குடுப்பாங்க. எங்கம்மா அந்தக் கைப்பிடியைப் போடும்போது ஒரு நிமிஷம் கையைப் பானைக்கு மேல வச்சு கண்ணை மூடுவாங்க. வீட்டுல அரிசி குறைவா இருந்த நாள்ல கூட அந்தக் கை சின்னதாகாது, நான் பக்கத்துல நின்னு பாத்திருக்கேன், இன்னைக்கு வேண்டாம்மான்னு சொன்னா சிரிப்பாங்க. முழு இரவு ஜெபத்துக்கு அவங்க அதிகம் போனதில்ல, வயல் வேலை. ஆனா ஜெபிக்கத் தெரிஞ்சவங்க யார்னு கேட்டா நான் அவங்களைத்தான் சொல்லுவேன்.

இந்த இடத்துல ஒண்ணைக் கண்டிப்பா சொல்லணும், இல்லேன்னா நான் எழுதினதைத் தப்பா எடுத்துக்குவாங்க. கீழ்ப்படிதல்னு நான் சொல்றது கர்த்தருக்கு. கீழ்ப்படிதல்ங்கிற பேரை வச்சு மனுஷங்க மேல ஏறி உக்காந்துக்கிற ஊழியக்காரங்களும் இருக்காங்க. ஒரு ஜெபக்கூட்டத்துல ஒருத்தர் சுகர் மாத்திரையை நிறுத்து, அதுதான் விசுவாசம், சொல்றதுக்குக் கீழ்ப்படின்னு சொன்னாரு, கேட்டுட்டு நிறுத்தின அம்மாவை கால் புண்ணோட நாங்கதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். டோனாவூர்ல ஜெபமும் இருந்துச்சு ஆஸ்பத்திரியும் கட்டினாங்க, ஒண்ணுக்கு ஒண்ணு விரோதம் இல்ல. அடிக்கிற புருஷன்கிட்ட பொறுத்துப்போ, கீழ்ப்படின்னு பொம்பளைக்கு ஆலோசனை சொல்றவங்களும் அப்படித்தான், அந்தப் பிள்ளை அப்பன் வீட்டுக்கு வந்து சேர்றதுக்குள்ள என்ன பாடு படுதுன்னு டீச்சரா இருந்து நான் பாத்திருக்கேன். "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது"ன்னு இயேசுவோட சீஷர் பேதுரு யூத ஆலோசனைச் சங்கத்து முன்னாலயே சொன்னாரு. எனக்கு வந்த வார்த்தையை வச்சு சொல்றேன், அவர் சொல்றது பெரும்பாலும் நமக்கே நல்லா தெரிஞ்ச விஷயமா இருக்கும், நம்ம பெருமைக்கு வலிக்கும், அடுத்தவங்களுக்கு ஆறுதலா இருக்கும். அடுத்தவங்களை நசுக்குற மாதிரி ஒண்ணு வந்தா நான் நம்ப மாட்டேன்.

உங்க மூலமா சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். லெந்து காலத்துல வெள்ளிக்கிழமை கூட்டங்கள்ல பாட்டு, செய்தி, சாட்சி, ஜெபம்னு ரெண்டு மணி நேரம் ஒரு நிமிஷம் இடைவெளி இல்லாம மைக் ஓடுது. அஞ்சு நிமிஷம் மைக்கை ஆஃப் பண்ணிட்டு எல்லாரும் சும்மா உக்காருங்க. எங்க சபையில ஐயர்கிட்ட சொல்லி போன வருஷம் செஞ்சோம். முதல் வாரம் இருமல் சத்தமும் ஃபேன் சத்தமும்தான். மூணாவது வாரம் ஒரு பெரியவர், நெல் வியாபாரம் பண்றவர், அந்த அஞ்சு நிமிஷத்துலயே செருப்பைத் தேடிப் போட்டுட்டு வெளிய போனாரு. கூட்டம் முடியறதுக்குள்ள திரும்பி வந்தாரு. எங்க போனாருன்னு யாரும் கேக்கல, கேக்கவும் கூடாது. அடுத்த வாரம் அவர் பக்கத்துல அவரோட அண்ணன் மகன் உக்காந்திருந்தான், அந்தப் பையனை நாங்க கோவில்ல பாத்தே பல வருஷம் ஆச்சு. இன்னொண்ணும், விடியக்காலம் கோபுரத்துல ஓடுற ஸ்பீக்கரை பரீட்சை நேரத்துல குறைச்சுக்கலாம்னு நாங்க முடிவு பண்ணினோம், அதுவும் அந்த அஞ்சு நிமிஷத்துல ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையோட அப்பா மனசுல வந்ததுதான், எழும்பி நின்னு சொன்னாரு. ஆண்டவருக்கு நம்ம சத்தம் கேக்கும், ஸ்பீக்கர் வேண்டியதில்ல.

தங்கச்சி அந்த வருஷம் பெரிய வியாழன் நற்கருணை எடுத்தா. நான் அவ கூட அவ சபைக்குப் போயிருந்தேன். ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல முழங்கால் போட்டோம், அவ கழுத்துல சங்கிலி, நூல் முடிச்சு அப்படியே இருக்கு, ஆசாரிகிட்ட குடுக்கலையான்னு கேட்டேன், இருக்கட்டும்க்கான்னா.

இந்த லெட்டரை எழுதிட்டு இருக்கும்போது ரெண்டு வாரமா காலையில இன்னொரு முகம் வந்துட்டு இருக்கு. பல வருஷம் முன்னால எங்க பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைச்ச ஒரு அம்மா மேல பருப்பைத் திருடுறாங்கன்னு நான் மேல எழுதிக் குடுத்தேன். எடுத்தது அவங்க இல்லேன்னு பின்னால தெரிஞ்சுது. அதுக்குள்ள வேலை போயிருச்சு, நான் அதைத் திருத்தி எழுதிக் குடுக்கல. இப்ப நாங்குநேரி பக்கம் மக வீட்டுல இருக்காங்களாம், கண்ணு சரியா தெரியாதாம். விலாசம் விசாரிச்சு வாங்கிட்டேன். செவ்வாய்க்கிழமை காலையில ஒம்போது மணி பஸ்ஸுக்குப் போறேன். எனக்காக ஜெபிச்சுக்கோங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி,
களக்காடு வட்டாரம்